தலைவருக்கு எடுத்த கப்பல் டிக்கெட்

திருவிடைமருதூர் கடைத்தெருவில் நான் நடத்தும் டிராவல்ஸுக்குள் அந்தத் தலைவர் நுழைந்தபோது எழுந்து நிற்க எனக்கு மனம் வரவில்லை. நாடு முழுக்கக் கிளைகள் உள்ள விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். சொந்த ஊர் திருப்பனந்தாள் பக்கம். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு அரபு நாட்டுக்கு ஓடியவர்கள் மண்ணுக்குத் துரோகிகள் என்று எங்கள் ஊர் மேடையிலேயே பேசியவர். என் கணவர் அங்கேதான் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். போர் தொடங்கி, விமான நிலையம் மூடி, ஊர் திரும்ப வழியில்லாமல் கிடந்தார்.

போரால் உரம் கிடைக்காத நாடுகளின் விவசாயத் தலைவர்கள் கொழும்பில் கூடுகிறார்கள் என்றார் உடன் வந்த உதவியாளர். தலைவருக்குக் காதில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் விமானம் கூடாதாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், அங்கிருந்து ரயில், விசா எல்லாம் நான் ஏற்பாடு செய்யவேண்டும்.

நீட்டிய பாஸ்போர்ட்டை நான் வாங்கவில்லை.

"அங்க மாட்டிக்கிட்ட நம்ம ஆளுங்களப் பத்தியும் மாநாட்டுல பேசுவீங்களா?" என்று தலைவரிடமே கேட்டேன்.

"அது உரத்துக்கான மாநாடும்மா. போனவங்க தெரிஞ்சுதானே போனாங்க."

"அப்ப வேற இடம் பாருங்க."

அன்று மாலையே கணவரின் தம்பி கடைக்கு வந்தார். எங்கள் நிலத்தில் குறுவை சாகுபடி செய்வது அவர்தான். ஒரு போகம்கூட அது தரிசாகக் கிடந்ததில்லை. யூரியா கிடைக்காமல் பயிர் மஞ்சளடித்துவிட்டது, அந்த ஆள் போய்ப் பேசினால்தான் ஏதாவது நடக்கும் என்றார். பயிருக்காகத்தான் உதவியாளருக்குப் போன் செய்து பாஸ்போர்ட்டைக் கேட்டேன். விசா தாமதமில்லாமல் கிடைத்தது.

புறப்படும் நாள் காலை, டிக்கெட்டோடு போயிருந்த நானும் மற்றவர்களும் துறைமுகத்தில் காத்திருக்க, காற்று பலமாக இருப்பதால் கப்பல் இல்லை என்று அறிவித்தார்கள். வழியனுப்ப வந்த சங்கத்துக்காரர்கள் முன்னால் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க ஆளுங்கள நம்பி வந்தது என் தப்பு."

அன்று நான் 'நம்ம ஆளுங்க' என்று கேட்டதைத்தான் 'உங்க ஆளுங்க' என்று திருப்பிச் சொன்னார். முகம் எரிந்தது.

"காத்து அடங்கினா நாளைக்குக் கப்பல் போகுங்க. இருந்தா ஏறலாம். இல்லன்னா வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவர் நாகையிலேயே தங்கி மறுநாள் கப்பலேறினார். கொழும்பில் அவர் பேசியதை டிவியில் முழுக்கக் கேட்டேன். உரம், கப்பல் பாதை, நெல் விலை. அங்கே மாட்டிக்கொண்ட எங்கள் ஆட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சில வாரம் கழித்து யூரியா வந்தது. அவர் பேசியதால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. என் கணவர் பக்கத்து நாட்டுக்குத் தரைவழியாகப் போய், அங்கிருந்து விமானம் பிடித்து மெலிந்து வந்து சேர்ந்தார்.

அதன்பிறகு உதவியாளர் ஒரு சால்வையும் பழத்தட்டும் கொண்டுவந்தார். தலைவருக்கு அடுத்த பயணமும் இருக்கிறதாம். வாங்கி வைத்துக்கொள், ஊருக்குள் எதற்குப் பகை என்றார் கணவர். நான் தட்டைத் தொடவே இல்லை.

"எடுத்துக்கிட்டுப் போங்க," என்றேன். "அவருக்கு இங்க டிக்கெட் கிடையாது."