இறங்கி வருகிறவளுக்கு மூச்சு வாங்காது

1. மூன்றாவது தரம்

“ஐயா, அந்த அங்கம்மா மறுபடியும் மலையில குந்திட்டாளுங்க. நீங்களே ஒரு வார்த்தை கண்டிச்சு வைங்க” என்று வேலாயுதம் கங்காணி டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கொழுந்துக் கூடையை முதுகில் தொங்கவிட்டபடி அங்கம்மா நின்றாள். காலை பத்து மணி இருக்கும். நான் ஒருவருக்குக் கால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தில் அவள் வருவது அது மூன்றாவது தரம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் அங்கே டிஸ்பென்சராகச் சேர்ந்தேன். இது நடந்தபோது பத்து வருடம் ஆகியிருந்தது. நான் டொக்டருக்குப் படித்தவன் அல்ல. மருந்து கலக்கவும், காய்ச்சல் பார்க்கவும், காயத்துக்குத் தையல் போடவும் பழகியவன். ஆனாலும் தோட்டத்து ஆட்களுக்கு நான் ‘டொக்டர் ஐயா’. பத்து வருடம் தினமும் அப்படிக் கூப்பிட்டால் யாருக்கும் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

தோட்டத்தில் ஒரு நடைமுறை இருந்தது. விடியற்காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில், சுகமில்லை என்கிறவர்கள் கங்காணியிடம் சொல்லிவிட்டு என்னிடம் வருவார்கள். நான் பார்த்துப் புத்தகத்தில் ‘ஃபிட்’ அல்லது ‘அன்ஃபிட்’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். ‘ஃபிட்’ என்று விழுந்துவிட்டால் மலைக்குப் போக வேண்டியதுதான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையே வந்தாலும் என் கையெழுத்துக்கு மேல் பேச்சில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை.

அங்கம்மாவுக்கு இரண்டு தரம் ‘ஃபிட்’ எழுதியிருந்தேன். அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். காய்ச்சல் இல்லை. நாக்கு சுத்தம். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் நல்ல சிவப்பு. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தேன், இழுப்புச் சத்தம் இல்லை. “நெஞ்ச இறுக்கிப் பிடிக்குதுங்கய்யா, ஏறுனா மூச்சு முட்டுது” என்பாள். அதைச் சொல்லும்போது சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டுதான் சொல்வாள். முதல் தரம் வாயு என்று ஓம மிக்ஸர் என்ற தண்ணீர் மருந்து கொடுத்தேன். இரண்டாம் தரம் பூச்சி மருந்து கொடுத்தேன். இரண்டிலும் குணமில்லை என்றதும், வியாதி மருந்துக்கு அடங்காவிட்டால் அது வியாதியே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதாங்க” என்றார் கங்காணி.

அங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரி, நட. மலைக்கே போவோம். எங்க மூச்சு முட்டுதுன்னு எனக்குக் காட்டு” என்று சொல்லி ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டினேன். அவளுக்கு உதவி செய்யப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

2. ஏழாம் நம்பர் மலை

எங்கள் டிஸ்பென்சரி தோட்டத்தின் அடியில், ஆற்றோரம், கொழுந்து அரைக்கும் ஆலையான ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்தது. ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் அதற்கு மேலே. கொழுந்து எடுக்கும் மலைகள் அதற்கும் மேலே. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் இறங்கித்தான் வருவார்கள். வந்ததும் வாசலில் உள்ள வாங்குப் பலகையில் அரை மணி, முக்கால் மணி உட்கார்ந்திருப்பார்கள். பத்து வருடமாக நான் பார்த்த நோயாளிகள் எல்லோரும் இறங்கி வந்து இளைப்பாறி உட்கார்ந்தவர்கள்தான். இது எனக்கு அன்றைக்கு வரை உறைக்கவே இல்லை.

ஏழாம் நம்பர் மலைக்குக் கல்படி வைத்த குறுக்குப் பாதை ஒன்று உண்டு. அவள் முன்னால் ஏறினாள். நான் பின்னால். கங்காணி எனக்கும் பின்னால். முப்பது படி வரை நன்றாகத்தான் ஏறினாள். பிறகு நின்று, கூடையின் தலைக்கயிற்றைச் சரி செய்தாள். இன்னும் பத்துப் படி. இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். இன்னும் ஆறு படி. பக்கத்துச் செடியில் இரண்டு கொழுந்து கிள்ளினாள்.

“பாத்தீங்களா ஐயா, சாக்கு!” என்றார் கங்காணி.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எட்டிப் போய் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நாடியைப் பிடித்தேன், தாறுமாறாக ஓடியது. எனக்கும் மூச்சு வாங்கியதுதான், நான் தொப்பை போட்டவன். ஆனால் இரண்டு நிமிடத்தில் எனக்கு அடங்கிவிட்டது. அவளுக்கு அடங்கவில்லை. கயிறும் படங்கும் கொழுந்தும் வேலையைத் தட்டிக் கழிக்கச் சொன்ன சாக்கு அல்ல. தனக்கு முடியவில்லை என்பது பிறருக்குத் தெரியாமலிருக்க அவள் வைத்திருந்த சாக்கு.

மேலே அடுத்த மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சுப்பையா கத்தியோடு ஓடி வந்தான். “நான் இருந்தா பின்னால நின்னு கூடைய ஒரு கை தாங்கிக்குவேங்கய்யா. இன்னைக்கு என்னைய வேற மலைக்குப் போட்டுட்டாங்க” என்றான். பொண்டாட்டி கூடையைத் தாங்குகிறவன் என்று லயத்தில் அவனைக் கேலி செய்வார்கள். அந்தக் கேலி என் காதுக்கும் வந்திருந்தது. சிரித்திருக்கிறேன்.

அவளைப் படுக்க வைத்து முன்பக்கம் நெஞ்சைக் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் நாங்கள் பெண்களுக்கு முதுகில்தான் ஸ்டெதஸ்கோப் வைப்போம். அவர்களுக்கும் கூச்சம், எங்களுக்கும் கூச்சம். நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். யாரும் சொல்லாமலே இடுப்புப் படங்குகளை அவிழ்த்து, வெளிப்பக்கம் பார்த்து நின்று, சுற்றிலும் மறைப்பாகப் பிடித்தார்கள். “நீங்க பாருங்கய்யா” என்றாள் ஒருத்தி. அங்கம்மாவைச் சோம்பேறி என்று பேசியவர்களும் அதில் இருந்தார்கள். அந்த இடத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிக் கேட்டேன். இருதயத் துடிப்புக்கு நடுவே, தூரத்தில் லொறி மேடு ஏறுவது போல ஓர் உறுமல். பயிற்சிக் காலத்தில் பெரிய டொக்டர் ஒருவர் கேட்க வைத்த சத்தம் அது. பிறகு கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய இடத்தில் காதை வைக்கவில்லை என்பதே உண்மை.

“சின்ன வயசுல காய்ச்சலும் முட்டி வீக்கமும் வந்துச்சா, புள்ள?”

“பத்து வயசுல வந்துச்சுங்க. ரெண்டு மாசம் நடக்க மாட்டாம கெடந்தேன்.”

அந்தக் காய்ச்சல் இருதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டது. சும்மா இருந்தால் ரத்தம் எப்படியோ போய்விடும். ஏறினால் வழி போதாது. சுப்பையாவிடம் இதைச் சொன்னதும் அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். “பொழைச்சுக்குவாளாங்கய்யா?” என்றான். கொழும்புக்குப் போனால் வழி இருக்கும் என்றேன். எனக்கே அது நிச்சயமில்லை.

3. எந்த டிஸ்பென்சர்?

கொழும்புக்கு அனுப்பத் துரையின் உத்தரவு வேண்டும். ஆபீசில் துரை என் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். வெள்ளைக்காரர், பழைய ஆள், தோட்டத்துத் தமிழ் பேசுவார்.

“நீ ரெண்டு வாட்டி ஃபிட் எழுதினது. இப்போ அன்ஃபிட் சொல்றது. எந்த டிஸ்பென்சர் சரி?”

நான் பெருமைப்பட்ட கையெழுத்து இரண்டும் அங்கம்மாவுக்கு எதிராக மேசையில் கிடந்தன. ‘இப்போதுதான் நோய் முற்றியது’ என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அப்படிச் சொன்னால், கொஞ்ச நாள் பார்ப்போம் என்று துரை சொல்லிவிடுவார். அவளுக்குக் கொஞ்ச நாள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

“பழைய டிஸ்பென்சர் தப்புங்க துரை. நான் சரியா பாக்கல” என்றேன்.

துரை என் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று, வாசலில் நின்று கேட்டிருந்த கங்காணி எனக்கு ஆறுதல் சொன்னார். சறுக்கியது யானை, உயிர் போக இருந்தது அங்கம்மாவுக்கு என்றேன்.

மறுநாள் காலை ஹட்டன் ஸ்டேஷனில் நானே கடிதத்தோடு இருவரையும் ரயில் ஏற்றினேன். கொழும்பில் பரிசோதித்துவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, சுருங்கிய வால்வை டொக்டர் விரலாலேயே விரித்துவிடுவார் என்று பதில் எழுதினார்கள். ஆபரேஷன் நாள் அன்று என்னால் ஒரு மிக்ஸரும் ஒழுங்காகக் கலக்க முடியவில்லை. சாயங்காலம் தந்தி வந்தது. அதை நான் பிரிக்கவில்லை. பயந்துபோய் ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்தேன். “நல்லா இருக்காளாம்” என்று அவர் வாசித்தார்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் மலைக்கு ஏறிப் போய் ஆட்களைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். முடியவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது “எங்க வச்சு முடியல?” என்பதுதான். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவே. அந்த இடத்துக்கு ஒரு தரமாவது நடந்து போங்கள்.

4. மன்னிப்பு

மூன்று மாதம் கழித்து அங்கம்மா சுப்பையாவோடு டிஸ்பென்சரிக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. காலையில் சும்மா நடந்து பார்ப்போம் என்று ஏழாம் நம்பர் மலை வரை ஏறிவிட்டுத்தான் வருகிறாள் என்று சுப்பையா சொன்னான். உடனே அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நிதானமாக ஓடியது.

தோட்டத்தில் டிஸ்பென்சர் ஒருவன் கொழுந்து எடுக்கிற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டுவிட்டேன். “சோம்பேறின்னு நெனச்சு ரெண்டு தரம் உன்னைய மலைக்கு அனுப்பினேன். மன்னிச்சுக்க அங்கம்மா.”

அவள் பதறிப்போனாள். “ஐயோ, என்னங்கய்யா இது! நானும் என்னைய அப்படித்தானுங்க நெனச்சிருந்தேன்” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, மெல்லச் சொன்னாள்:

“மலை ஏறுனா எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும், அவங்கள்லாம் பொறுத்துக்கிட்டு ஏறுறாங்க, எனக்குத்தான் பொறுமை பத்தலன்னு நெனச்சிருந்தேங்கய்யா. இன்னைக்கு ஏறுனப்பதான் தெரிஞ்சுச்சு, யாருக்குமே வலிக்கலைன்னு.”