மிஷின் பார்க்காத அடி

தேவாரம் ஜீப் ஸ்டாண்டில் 'மிஷின் பாண்டி' என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். இன்ஜின் வேலை தெரிந்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்து, ரேடியேட்டர் ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று வெளியூர் டிரைவர்கள் அவனை இழுத்துப் போனதும் உண்டு. அவனுக்கு ஸ்டெப்னி மாற்றத் தெரியும், அவ்வளவுதான். அவன் ஓட்டுவது என் ஜீப்பை. எனக்குத் தெரியாதா?

முழுப்பெயர் ஈஸ்வரபாண்டி. என் அத்தை மகன், என் தங்கை ஞானசெல்வியைக் கட்டியவன். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குள் போவான். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். பட்டாளத்தில் குத்துச்சண்டை ஆடியவன் என்று சொன்னால், இப்போதிருக்கும் தொப்பையைப் பார்த்துவிட்டு ஒருவரும் நம்புவதில்லை.

அவன் ஆடிய காலத்தில் புள்ளி போடுகிற மிஷின்தான் நாட்டாமை. மேடையைச் சுற்றி ஐந்து நடுவர்கள், ஆளுக்கொரு பட்டன். ஒரு குத்து விழுந்தால் மூன்று பேராவது ஒரே நொடிக்குள் அமுக்க வேண்டும். அமுக்கினால் புள்ளி. பிந்தினால் அது விழாத குத்து. ஆகவே ஆடுகிறவர்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி முகத்தில் ஒன்று தட்டிவிட்டு ஓடப் பழகிக்கொண்டார்கள். நம்ம ஆளுக்கு அந்த ஓட்டம் வரவே வராது. ஒட்டிப் போவான், குனிவான், விலாவில் இறக்குவான். அவ்வளவு நெருக்கத்தில் இறக்குகிற அடியை எவர் பார்த்து எப்போது பட்டனை அமுக்குவது?

பட்டாளத்துப் போட்டி ஒன்றின் கடைசி ஆட்டத்தில் நெடுங்கண்டத்து ஜோஸ் என்பவனிடம் இரண்டு புள்ளியில் தோற்றான். ஜெயித்தவனுக்கு இந்திய அணியின் பயிற்சி முகாமில் இடம். ஜோஸ் முகாமுக்குப் போனான். இவன் கொஞ்ச வருஷத்தில் சர்வீஸ் முடித்து, "நா அடிச்சேன், மிஷினு பாக்கல" என்ற ஒரே பாட்டோடு ஊர் வந்து சேர்ந்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் அதுதான், கருமாதி வீட்டிலும் அதுதான். அப்புறம் பெயர் வராமல் என்ன செய்யும்?

பிறகு எல்லாம் மாறிவிட்டது. பட்டனைத் தூக்கிப் போட்டார்கள். ரவுண்டுக்கு ரவுண்டு யார் கை ஓங்கியது என்று பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். ஆண்களுக்குத் தலைக்கவசமும் இல்லை. ஒட்டி நின்று விலாவில் அடிக்கிறவனுக்கும் மரியாதை வந்துவிட்டது. பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, ஜீப்பிலேயே உட்கார்ந்து போனில் அந்த ஆட்டங்களைப் பார்ப்பான். அவன் தோள் மட்டும் தானாக அசையும்.

"நா ஒரு பத்து வருசம் பிந்திப் பொறந்திருக்கணும் மச்சான்" என்பான்.

அப்படியானால் என் தங்கச்சி யாருக்கு வாக்கப்பட்டிருப்பாள் என்று கேட்பேன். சிரிக்க மாட்டான். வயிற்றெரிச்சல் என்றால் திட்டித் தீர்த்துவிடலாம். இது ஏக்கம்.

போன ஆவணியில் ஜோஸின் மகள் அந்தப் பழைய ஆட்டத்தின் வீடியோவை யூடியூபில் போட்டிருக்கிறாள். ஸ்டாண்டே கூடிவிட்டது. பாண்டி குறுக்கே யாரையும் விடாமல் பார்த்தான். அவன் ஜோஸை நெருங்கிய ஒவ்வொரு முறையும் கேமராவுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. குத்து ஒன்றும் தெரியவில்லை. பையன்கள் கலைந்து போனார்கள். அவன் மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். கடைசியில் என்னைத் தனியே கூப்பிட்டு, நெஜமாவே பட்டுச்சா, இல்ல அவன் முழங்கையில் பட்டதைத்தான் விலா என்று நினைத்துவிட்டேனா என்று கேட்டான். அந்த ஒரு நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்த ஆள். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று என் தங்கை வந்து அழுதாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடி வாங்கியவனையே கேட்டுவிடுவோம், வண்டியை எடு என்றேன்.

மறுநாள் பெண்களை இறக்கிவிட்டு நேரே நெடுங்கண்டம் போனோம். மிளகும் ஏலமும் வாங்கி விற்கிற கடையில் ஜோஸ் உட்கார்ந்திருந்தான். பாண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிப்பிடித்தான். பால் விடாத கட்டஞ்சாயா வந்தது. பாண்டி அதைத் தொடவில்லை. வந்த விஷயத்தை நான்தான் கேட்டேன்.

ஜோஸ் வலது விலாவில் கையை வைத்துக்கொண்டான்.

"மெஷின் கண்டில்ல பாண்டி. பக்ஷே எனிக்கு கொண்டு. நல்லோணம் கொண்டு."

'பக்ஷே' என்றால் ஆனால்; அடி பட்டதை மலையாளத்தில் 'கொண்டு' என்பார்கள். எங்கள் பக்கத்து ஆளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாண்டியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆனால் ஜோஸ் நிறுத்தவில்லை. மூச்சு இழுக்க முடியாமலேதான் முகாமுக்குப் போயிருக்கிறான். அங்கே படம் எடுத்துப் பார்த்ததில் விலா எலும்பில் விரிசல். ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லையாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நாட்டுக்காக ஆடியிருப்பான் என்று இத்தனை வருஷமும் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த மனுஷன் மிளகு மூட்டைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

பாண்டி அவன் கையைப் பிடித்தான். ஆட்டம் என்றால் அப்படித்தான் என்று ஜோஸ்தான் அவனைத் தேற்றினான்.

சாயங்காலம் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் பாண்டி வண்டியை ஓரங்கட்டினான்.

"பட்டுச்சுன்னு தெரிஞ்சா மனசு ஆறிரும்னு நெனச்சேன் மச்சான். ஆறல. அவங்கூட இன்னும் ஒரே ஒரு ரவுண்டு வேணும்போல இருக்கு."

நாற்பதுக்கு மேல் மேடையேற விட மாட்டார்கள், உங்கள் இரண்டு பேருக்கும் அது தாண்டி நாளாகிவிட்டது என்றேன்.

"எல்லா ரூலையும் மாத்துனாக" என்றான். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டான்.

பின்னால் இருந்த தோட்டத்துப் பெண்களில் சங்கிலியம்மாள் எட்டிப் பார்த்து, அண்ணன் ஏன் அழுகுறாக என்று கேட்டாள்.

அடி பட்டிருக்கிறது என்றேன்.