ஆடாமல் நின்ற எண்

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த புகாரைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் தொட்டில்களுக்காக நாங்கள் செய்து கொடுத்த கருவிகள் மூன்று அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கின்றன. குழந்தையின் வயிற்றில் ஒட்டிய சென்சார் சொல்லும் சூட்டைப் பெரிய எழுத்தில் காட்டும்; சூடு குறைந்தால் கத்தும். நர்சுகள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஹீட்டரைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். மூன்றில் இரண்டு கருவிகளில் எண் நிற்காமல் ஆடுகிறது, மூன்றாவது மாதிரி அவற்றையும் சரிசெய்து தரவும் என்பது புகார். ஆடுகிறதாம். ஆடாமல் நிற்க உடம்புச் சூடு என்ன சுவரில் அடித்த ஆணியா?

இருந்தாலும் நானே போகிறேன் என்று அலுவலகத்தில் முந்திக்கொண்டேன். என் தங்கை அந்த மருத்துவமனையில்தான் படுத்திருந்தாள். அவள் கணவர் கல்வராயன் மலையில் பள்ளி ஆசிரியர், குடித்தனமும் மலையிலேயே. தேதிக்கு வெகு முன்பே வலி எடுத்து, ஜீப்பில் வளைவு வளைவாக இறக்கிக்கொண்டு வந்து, பிள்ளை பிறந்தது இங்கே. பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும். அப்பா களமருதூரில் நடவை அப்படியே விட்டுவிட்டு வந்து, மருத்துவமனை வாசலில் ஜெபம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும், உடம்புச் சூடு மட்டும் குறையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குழந்தைகள் வார்டுக்குள் கால் வைத்ததுமே தலைமை நர்ஸ் சிரித்த முகமாக எதிரே வந்தார்.

“வாங்க மேடம். ஒங்க தங்கச்சி கொழந்தைன்னு தெரிஞ்சதும் அந்த நல்ல மிஷின்லயே போட்டுட்டேன். அது ஒன்னுதான் ஆடாது. மத்த ரெண்டும் ஏறிக்கினு எறங்கிக்கினு கெடக்குதுங்க. அதுங்கள நம்பறதே இல்ல, நாங்களே அப்பப்ப தெர்மாமீட்டர் வெச்சிப் பாத்துக்கறோம்.”

மனசாரத்தான் நன்றி சொன்னேன். எட்டிப் பார்த்தேன். தொப்பி போட்ட சின்னத் தலை, மூடிய கண், மேலே முப்பத்தாறு புள்ளி ஐந்து. பச்சை எழுத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவு சமர்த்தாகத் தூங்குகிறதே என்று எனக்குப் பெருமை வேறு.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் கருவிக்குள் கடையில் வாங்கிய பிராசஸர் கிடையாது. ஒரு வெற்றுச் சிப்பை வாங்கி, அதற்குள் பிராசஸரை நாங்களே வடிவமைத்து ஏற்றுகிறோம். வேண்டியதை வேண்டியபடி அமைத்துக்கொள்ளலாம், அது வசதி. மெமரி, சென்சார், அலாரம் என்று ஒவ்வொன்றுக்கும் முகவரி எண் ஒதுக்குவதும் எங்கள் தலையில்தான் விடியும், அது தொல்லை. பிராசஸருக்குக் கண்ணா இருக்கிறது? இந்த முகவரியில் என்ன எண் என்று கேட்கும். அங்கிருந்து யார் பதில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும்.

ஆடுகிற இரண்டையும் முதலில் எடுத்துக்கொண்டேன். லேப்டாப்பை இணைத்து, சென்சாரின் முகவரியைத் தேடிப் படித்து, தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டேன். இரண்டும் சரியாகவே காட்டின. வெளியே மலைப்பக்கமிருந்து மழைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் எண் கொஞ்சம் இறங்கும், மூடினால் ஏறும். அதைத்தான் இவர்கள் ஆடுகிறது என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு ஒரு பயணமா என்று எரிச்சலோடு தலைமை நர்ஸுக்கு விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அது மட்டும் எப்டிங்க ஆடாம நிக்குது? அதுவும் இதே ரூம்லதான இருக்குது?” என்றார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தங்கை குழந்தையின் தொட்டிலுக்குப் போனேன். அந்தக் கருவி மற்ற இரண்டுக்கும் பிறகு அனுப்பியது. முகவரிப் பட்டியலைத் திரையில் கொண்டுவந்தேன். மெமரி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, சென்சார் எங்கே தொடங்குகிறது. படித்தேன். தவறாகப் படித்துவிட்டேன் என்று மறுபடி படித்தேன். மெமரி முடிவதற்கு முன்பே சென்சார் தொடங்கியிருந்தது. ஒரே முகவரிக்கு இரண்டு பேர். பிராசஸர் சென்சாரைக் கூப்பிடும்போதெல்லாம் மெமரி பதில் சொல்லிக்கொண்டிருந்தால்?

இருக்காது, பழைய பட்டியலைத் திறந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சென்சார் ஒயரைக் கருவியிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கினால் திரையில் எண் போய் வெறும் கோடுகள் வர வேண்டும், அலாரம் கத்த வேண்டும். ஒன்றும் இல்லை. முப்பத்தாறு புள்ளி ஐந்து என்றது. ஒயர் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கையைச் சுத்தம் செய்யக்கூடத் தோன்றவில்லை, போர்வைக்குள் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொட்டேன். மழையில் நனைந்த கல்லைத் தொட்டது போல இருந்தது. சமர்த்தாகத் தூங்கவில்லை அது. விறைத்துப்போய் அழத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறது. நான் பெருமைப்பட்டுக்கொண்டு போனேனே, பாவி.

“சிஸ்டர், கொழந்த ஜில்லுனு இருக்கு” என்றேன். அவர் திரையைப் பார்த்தார். “சரியாதான மேடம் இருக்குது” என்றார். நான் கையில் இருந்த ஒயரைக் காட்டினேன். அடுத்த நொடி அந்த அம்மாள் வேறு ஆளாகிவிட்டார். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தார், பார்த்தார், எண்ணை எனக்குச் சொல்லவில்லை. ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். டாக்டரை அழைத்துவர ஒருத்தியையும் என் தங்கையை அழைத்துவர ஒருத்தியையும் ஓட விட்டார். தங்கை வந்ததும் குழந்தையை அவள் வெறும் மார்பில் படுக்க வைத்து, மேலே கம்பளியைச் சுற்றினார்.

டாக்டர் உள்ளே இருந்தபோது நான் வராந்தாவில் நின்று அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தக் கருவியின் வடிவமைப்பைக் கவனித்தவன் எடுத்தான். மெமரியும் சென்சாரும் ஒரே முகவரியில் எப்படி வந்தன என்று கேட்டேன்.

“மெமரி பத்தலன்னு கொஞ்சம் கூட்டினோம் மேடம். வார்னிங்தான் வந்துச்சு. எரர் வரல” என்றான்.

எரர் வரவில்லையாம். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அந்த முப்பத்தாறு புள்ளி ஐந்து எங்கிருந்து வந்தது என்பதும் பேசப் பேசத்தான் உறைத்தது. கருவியைப் போட்டதும் திரை காலியாகத் தெரியக் கூடாது என்று, முதல் வேலையாக அந்த முகவரியில் ஒரு நல்ல எண்ணை நாங்களே எழுதுகிறோம். உண்மையான சென்சாராக இருந்தால் மறுகணமே தன் எண்ணை அதன்மேல் போட்டுவிடும். மெமரி அப்படிச் செய்யாது. கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்ட போதெல்லாம் திருப்பிக் கொடுத்திருக்கிறது. குழந்தையைத் தொட்டிலில் போடும் முன்பே எழுதிவிட்ட சூடு அது.

டாக்டர் வெளியே வந்து, “சூடு ஏறிக்கினு வருதும்மா. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போனேன்.

தங்கை சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பளிக்கு வெளியே தெரிந்த சின்ன முகத்தில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. வாய் திறந்து மூடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

“காலைல பால் குடுக்க வந்தப்பவே கால் ஜில்லுனுதான் இருந்துச்சுக்கா.”

“ஏண்டி சொல்லல? யார்கிட்டயாவது சொல்றதுக்கு இன்னா?”

“மிஷின் சரியா காட்டிக்கினு இருந்துச்சே. நீ செஞ்சதாச்சே அது.” குழந்தையின் முதுகில் இருந்த கையை அவள் எடுக்கவில்லை. “எங்கைதான் சுடுது போல, எனக்குதான் ஜொரம்னு நெனச்சிக்கினேன்.”

அப்படி நினைத்துத்தான் காலையில் தன் வார்டுக்குத் திரும்பிப் போய், நர்ஸிடம் காய்ச்சல் மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.