இரண்டு குழாய்க் கொடி

அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் திரி செருகும் வேலை பொன்மணிக்கு. ஐந்தாம் மாதம் விருதுநகரில் ஸ்கேன் எடுத்தபோது டாக்டரம்மா நிதானமாகவே சொன்னார்.

"தொப்புள்கொடியில மூணு ரத்தக்குழாய் இருக்கணும்மா. உன் பிள்ளைக்கு ரெண்டுதான் இருக்கு. இதயம், சிறுநீரகம் எல்லாம் நல்லா இருக்கு. வளர்ச்சி மட்டும் குறையலாம். அடிக்கடி வந்து பாத்துக்கணும்."

செய்தி வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளைக்கே ஏதோ உறுப்பு இல்லை என்று ஆகிவிட்டது. மாமியார் முருகம்மாள் சோற்றை வைத்துக்கொண்டே பேச்செடுத்தாள்.

"கொறையோட பெத்துட்டு காலம் பூரா சொமக்கணுமா? இப்பமே கலைச்சிருவோம். நாளைக்கு இன்னொண்ணு பெத்துக்கிறலாம்."

கணவன் பாலகுரு தலையைத் தூக்கவில்லை. மாமியார் பேச்சைவிட அவன் மௌனம்தான் பொன்மணியைத் தைத்தது.

"கொறை கொடியிலதான் அத்தை, பிள்ளை மேல இல்ல. டாக்டரம்மா சொன்னதக் கேட்டவ நானு. கலைக்க மாட்டேன்." சொல்லிவிட்டு இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாள்.

மறுநாள் ஆலைப் போர்மேனிடம், வெடிமருந்து வாடை இல்லாத இடமாகக் கேட்டாள். சீசன் நேரத்தில் ஆளை மாற்ற முடியாது என்றார் அவர்.

"அப்ப நான் வேலைய விட்டு நின்னுக்கிறேன்" என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். வேகமான கை அவளுடையது. வாசலை எட்டுமுன், பெட்டி ஒட்டும் அறைக்குப் போகச் சொல்லி ஆள் வந்தது.

ஏழாம் மாதம் பாலகுருவையும் கையோடு இழுத்துப்போனாள். டாப்ளர் கருவியில் கொடி வழியே ரத்தம் பாயும் சத்தம் குதிரை ஓட்டம்போலக் கேட்டது. "ஓட்டம் நல்லா இருக்குல்லா?" என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டான். அதன்பின் ஒரு ஸ்கேனுக்கும் அவளைத் தனியே அனுப்பவில்லை.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் கொடியில் அந்த ரத்த ஓட்டம் குறைந்தது. குழந்தையை உள்ளே வைத்திருப்பதைவிட வெளியே எடுப்பதே நல்லது என்று அன்றே ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. பதினோரு நாள் இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள்.

கைக்கு வந்த அன்று முருகம்மாள் துணியை விலக்கி விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"இல்லாட்டியும் இவ எம்பிள்ளதான் அத்தை" என்று பொன்மணி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அவள் பால் கொடுத்து முடிக்கும்வரை முருகம்மாள் மறைப்பாகத் தன் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.