தேர்தல் முடிந்து திரும்பி வந்த ரைஃபிள்

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு துருவும் கீறலுமாகத் திருப்பித் தருவார்கள். செங்கல்பட்டில் துப்பாக்கி ரிப்பேர் கடையில் மெக்கானிக்காக இருந்த எனக்கு அப்போதுதான் மூச்சுவிட நேரமிருக்காது. பெரும்பாலும் படாளம் பக்கத்து விவசாயிகள் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருப்பவை. திட்டிக்கொண்டே துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு தேர்தலில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிற சுமதி என்ற பெண்ணின் பாயின்ட் டூ டூ ரைஃபிள் வந்தது. அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் அரசாங்க உத்தியோகம். அவள் தோளுக்கும் கன்னத்துக்கும் தக்கபடி ரைஃபிளின் பின்கட்டையை இழைத்துக் கொடுத்தவன் நான்தான். மாநிலத் தேர்வுப் போட்டிக்கு ஒரு வாரமே இருந்தது. "குண்டெல்லாம் இடப்பக்கமே போகுதுண்ணா. கோச் என் கைதான் நடுங்குதுங்கிறார்" என்றாள்.

போல்ட்டைக் கழற்றி, குண்டு பாயும் பேரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நேரான பேரலுக்குள் நிழல் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும். இதில் பாதி வழியில் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தன. வெளியே இரும்பு அழுத்திய தடம். ஸ்டேஷனில் இதன்மேல் நின்ற பீரோவைத் தூக்கித்தான் எடுத்துக் கொடுத்தார்களாம், படுபாவிகள்.

பிரஸ்ஸில் வைத்து அழுத்துவது, பார்ப்பது, மறுபடி அழுத்துவது என்று நாள் முழுக்க நிமிர்த்தினேன். ஆனாலும் அவளிடம் மறைக்கவில்லை. கோளாறு உன்னிடம் இல்லை, பேரல் வளைந்திருந்தது, சூடேறினால் பழையபடி ஒதுங்கும் என்று சொல்லிவிட்டேன். வேறு பேரலுக்கு ஒரு வாரத்தில் எங்கே போவது?

போட்டியில் அப்படியே நடந்தது. முதல் சுற்று நன்றாக வந்தது, பிறகு குண்டுகள் நகர்ந்துவிட்டன. தேறவில்லை. அவள் அழுதுகொண்டு உட்காராமல் ஸ்டேஷன் மேலேயே புகார் கொடுத்தாள்.

விசாரிக்க அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரே ரைஃபிளை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். எங்கள் கடை லைசென்ஸ் ரினியூவலுக்கும் அவர்தான் ரிப்போர்ட் தர வேண்டும். முதலாளி முந்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு எங்கியோ கீழ போட்டுகீது சார்."

நான் தடத்தைக் காட்டி, விழுந்தால் இப்படி அழுந்தாது என்றேன். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பவேயில்லை. அவர் போனதும் முதலாளி, "உனுக்கு இன்னாத்துக்குபா இந்த பேஜாரு? நாளையிலேர்ந்து வராத" என்றார். கல்யாணத்துக்கு முன்பிருந்து பார்த்த வேலை. அதன்பிறகு மாமல்லபுரத்தில் கல் அறுக்கும் மெஷின் ரிப்பேர்தான் பிழைப்பு.

துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்திருந்ததாகச் சொல்லி சுமதியின் லைசென்ஸை ரத்து செய்தார்கள். அவளுடைய அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு என் வீடு தேடி வந்தார்.

"நீங்க பேசாம சரிபண்ணிக் கொடுத்திருந்தா தோத்ததோட போயிருக்கும். அடுத்த வருஷம் பார்த்திருப்போம். உண்மையைச் சொல்றேன்னு மொத்தத்தையும் கெடுத்துட்டீங்க."

அவள் மறுத்து ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். "வாங்கப்பா, போகலாம்" என்றாள். வேலை போனது ஆறிவிட்டது, இது ஆறவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பேரல் வளைந்திருந்தால் வளைந்திருக்கிறது என்று சொல்லுங்கள். சோற்றுக்கு வேறு வழி பார்த்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். யாருக்காகச் சொன்னீர்களோ, அவர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.