கூப்பிட்டால் வராத புல்லட்

எங்கள் வீட்டு நாய்க்குக் காது கேட்காது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா மீன் ஆய உட்கார்ந்தால் அரிவாள்மனையை இழுத்துப் போடும் சத்தத்துக்கே தெருக்கோடியிலிருந்து பறந்து வருகிற நாய்க்கு எப்படிக் காது கேட்காமல் போகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. பத்து வயதில் என் ஆராய்ச்சி அப்படித்தான். முடிவை முதலில் எடுத்துக்கொள்வேன், காரணத்தை அப்புறம் தேடுவேன். இப்போது என் ஆபீசில் பாதிப் பேர் அப்படித்தான் வேலை பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்த புதுசு அது. எங்கள் தெரு கடலுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் படகு, மறுபக்கம் நிலக்கரி லாரி. அப்பா படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். நாயைக் குட்டியாகக் கொண்டுவந்தது அண்ணன். அவனுக்குப் புல்லட் வண்டி என்றால் உயிர். இந்த ஜென்மத்தில் வீட்டில் வாங்கித் தர மாட்டார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பெயரை நாய்க்கு வைத்துவிட்டான். பெயர்ப் பொருத்தம் நன்றாகவே அமைந்தது. வாசல் படலை ஒரு சாண் திறந்தால் போதும், பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று நம் காலுக்கு நடுவில் புகுந்து போகும். அடுத்த நிமிஷம் மெயின் ரோட்டில் லாரி டயரோடு சண்டைக்கு நிற்கும்.

அண்ணன் அப்போது வீட்டில் இல்லை. பாலிடெக்னிக் போகிறேன் என்று கிளம்பி, நாள் முழுக்க ரோட்டோர டீக்கடையில் லாரி டிரைவர்களோடு கதை பேசிக்கொண்டிருந்தது அப்பாவுக்குத் தெரிந்துபோயிற்று. தெருவில் நின்று அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவனும் வந்தான். வந்தவனை எல்லாரும் பார்க்கக் கன்னத்தில் அறைந்தார். அன்றைக்குச் சாயங்காலமே தரங்கம்பாடியில் பெரியம்மா வீட்டுக்குப் போனவன், அங்கேயே ஒரு செல்போன் கடையில் வேலைக்கு நின்றுவிட்டான். ஆறு மாசம் ஆகியிருந்தது. அம்மா போன் பண்ணும்போதெல்லாம் வர்றேன் வர்றேன் என்பான், வர மாட்டான். அம்மா போனை வைத்துவிட்டுப் போய்ப் புல்லட்டுக்குச் சோறு போடுவாள். ஒரு நாய்க்குப் போடுகிற அளவாக அது இருக்காது.

ஐப்பசி மாசம் ஒருநாள் அப்பா டிவிஎஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது புல்லட் குறுக்கே பாய்ந்தது. பின்னால் வந்த லாரி பிரேக் போட்ட சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அப்பா சரிந்து விழுந்து முழங்கை உரிந்துபோயிற்று. நாய்க்கு ஒரு கீறல் கிடையாது. வீட்டுக்கு வந்து படலோரம் நின்று கூப்பிட்டார், கூப்பிட்டார், அரை மணி நேரம் கூப்பிட்டார். கடைசியில் அது தரையோடு தரையாகப் பம்மிக்கொண்டு வந்தது. வந்ததும் கழுத்தைப் பிடித்து, தென்னை மட்டையால் முதுகில் நாலு வைத்துச் சங்கிலியில் கட்டினார். அது ஒன்றும் புதுசு இல்லை. ஒவ்வொரு தடவை ஓடித் திரும்பும்போதும் அதற்குக் கிடைக்கிற மரியாதைதான்.

“மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும்தான் பாப்பேன்” என்றார் அப்பா. “அதுக்கப்பறம் நான் கூப்பிட்டா வரணும். வரலைன்னா மீன் வண்டியில ஏத்தி, தஞ்சாவூர்ப் பக்கம் எங்கயாச்சும் விட்டுட்டு வந்துடச் சொல்லிடுவேன்.”

கார்த்திகை ஒன்றாம் தேதி அவர் சபரிமலைக்கு மாலை போடுவதாக இருந்தது.  மறுநாள் எனக்குத் தலை பின்னும்போது அம்மா, “அவன் வந்து நாய் எங்கம்மான்னு கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?” என்றாள். ரிப்பனை இறுக்கிய இறுக்கில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புல்லட்டைக் காப்பாற்றுகிற பொறுப்பை அந்த நிமிஷமே நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லைதான்.

ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டேன். யார் கூப்பிட்டால் பத்துக்கு எத்தனை தடவை வருகிறது என்று கணக்கு. அம்மாவுக்குப் பத்து. பக்கத்துத் தெரு அத்தைக்கு எட்டு. எனக்கு நாலு. அப்பாவுக்குப் பூஜ்யம். சில தடவை அப்பா குரல் கேட்டதும் எதிர்த்திசையில் ஓடியதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மைனஸ் போட்டு வைத்தேன்.

அப்பாவிடம் மட்டும் ஏன் வரவில்லை என்று மண்டையைக் குடைந்தது. டீசல் நாற்றமாக இருக்குமோ? அவருடைய அழுக்குக் கைலியை எடுத்துப்போய் அதன் முன்னால் போட்டேன். மூன்று சுற்று சுற்றி அதன் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது. குரலாக இருக்குமோ? தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு கூப்பிட்டேன். தலையைச் சாய்த்து என்னைப் பாவமாகப் பார்த்தது. மீசையாக இருக்கலாம் என்று அடுப்புக்கரியால் ஒன்று வரைந்துகொண்டேன். அந்தச் சோதனை முடிவதற்குள் அம்மா பார்த்துவிட்டாள்.

காரணம் கிடைக்காவிட்டால் போகட்டும், பழக்கிவிடலாம் என்று இறங்கினேன். அத்தை கருவாடு போடுகிறவள். அவள் வீட்டுப் பாயிலிருந்து தினம் ஒரு பிடி நெத்திலி என் பாவாடை மடிக்கு வரும். முதலில் படலுக்குள்ளேயே பத்தடி தள்ளி நின்று கூப்பிடுவேன். வந்தால் ஒரு நெத்திலி. அப்புறம் இருபதடி. அப்புறம் தெருவில். ஓடுகிற நாயைத் துரத்தினால் அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் ஓடும். நாம் திரும்பி எதிர்ப்பக்கம் ஓடினால் அது நம்மைத் துரத்திக்கொண்டு வரும். இதை நானே கண்டுபிடித்தேன். தெருவில் எல்லாரும் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். பத்து நாளில் என் நாலு ஒன்பதாயிற்று. ரோட்டுக்குப் பாதி தூரத்திலேயே புல்லட் சரக்கென்று திரும்பும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கார்த்திகை பிறந்தது. மீன்பிடிக்கிற தெருவில் ஒருத்தர் மாலை போட்டால் வீடே தலைகீழாக மாறும். மீன் சட்டிகள் பரணுக்குப் போயின. அரிவாள்மனை சாக்குக்குள் போயிற்று. வீடு கழுவி, சாம்பிராணி போட்டு, நாற்பத்தெட்டு நாளைக்கு மீன் வாடை ஆகாது என்றாள் அம்மா. கருவாட்டைக் காட்டி நாயைப் பழக்கிவிட்டுக் கார்த்திகை வருவதை மறந்த ஆள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான். முதல் நாளே மடியில் ஒளித்துவைத்த நெத்திலியோடு பூஜை அறைப் பக்கம் போய்விட்டேன். அம்மா நாயைவிட வேகமாக மோப்பம் பிடித்தாள். கொட்டுகிற மழையில் நிறுத்தி, போதாதென்று தலையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு என் கையில் இருந்ததெல்லாம் பஜனை மடத்துச் சுண்டல்தான். புல்லட் அதை முகர்ந்து பார்த்தது, என்னை ஒரு தடவை பார்த்தது, ரோட்டுக்குப் போய்விட்டது. ஒன்பது மூன்றாயிற்று. தஞ்சாவூர் போகிற மீன் வண்டி தினமும் காலையில் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் புல்லட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன்.

இதற்கு நடுவில் அப்பா வேறு ஆளாக மாறிக்கொண்டிருந்தார். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது, கை நீட்டக் கூடாது, எதிரில் வருகிற எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் வாரம் அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். எஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்து கெடுத்துக்கொண்டுவந்த படகுக்காரரிடம், வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, பரவாயில்லை சாமி, பார்க்கலாம் சாமி என்பார். கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். அம்மாவும் சாமி, நானும் சாமி. ஒருநாள் ரோட்டிலிருந்து சேறும் சகதியுமாகத் திரும்பிய புல்லட்டைப் பார்த்ததும் அவர் கை தானாக மட்டையைத் தேடியது. பாதியில் ஞாபகம் வந்து, உள்ளே போ சாமி என்றார். நானும் புல்லட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

பத்து நாள் போயிருக்கும். புல்லட் அப்பாவுக்குப் பத்தடி தள்ளி உட்கார ஆரம்பித்தது. அடுத்த வாரம் ஐந்தடி. ஒருநாள் காலையில் அவர் குளித்துவிட்டு வந்து சும்மா, வா சாமி என்று கூப்பிட, எழுந்துபோய் அவர் பாதத்தில் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. அப்பாவே ஆடாமல் அசையாமல் நின்றார். நோட்டில் அவருக்கு முதல் ஒன்று விழுந்தது. மார்கழி பிறந்தபோது அது ஏழு. அதுவும் வெறுங்கையோடு, ஒரு சுண்டல்கூட இல்லாமல்.

என்னால் தாங்க முடியவில்லை. விபூதி வாசமா, கற்பூரமா, கறுப்பு வேட்டியா, தாடியா? நெற்றி நிறைய விபூதி பூசி, அம்மாவின் கறுப்புப் புடவையைச் சுற்றிக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். புல்லட் இரண்டு தும்மல் தும்மியது. ஆகவே இது ஐயப்பன் செயல் என்று முடிவுக்கு வந்தேன். வந்த உடனே பயம் பிடித்துக்கொண்டது. அப்பா வைத்திருக்கிற பரீட்சை மலையிலிருந்து திரும்பிய பிறகு. அப்போது கழுத்தில் மாலை இருக்காதே. மாலை இறங்கினால் ஐயப்பனும் போய்விடுவார், புல்லட் மீன் வண்டி ஏறிவிடும்.

இருமுடி கட்டுகிற நாளில் வீட்டு ஆட்கள் எல்லாரும் அதில் ஒரு கை அரிசி போட வேண்டும். அம்மா அண்ணனுக்குப் போன் பண்ணி, சாமி இப்ப யாரையும் ஒன்றும் சொல்லாது, வந்து அரிசியை மட்டும் போட்டுவிட்டுப் போ என்று கெஞ்சினாள். முதல் நாள் மத்தியானமே அவன் வந்துவிட்டான். வந்தவன் படலுக்கு வெளியிலேயே நின்றான். புல்லட் பாய்ந்துபோய் அவனைக் கீழே தள்ளாத குறை. வாசலில் அப்பா நின்றார். 

“வாங்க சாமி” என்றார் அப்பா. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெற்ற பிள்ளையை அவர் வாங்க என்று கூப்பிட்டது எனக்கு ஒரே சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன். டீசல், மீசை, விபூதி, ஐயப்பன் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“நாய்க்கு ஐயப்பனும் தெரியாது, ஒண்ணும் தெரியாது” என்றான். “கூப்பிட்டாரேன்னு போனா அடி விழுமா, விழாதா? அது மட்டும்தான் அதுக்குத் தெரியும்.”

பின்பக்கம் அடிபம்புக்குப் பக்கத்தில் அப்பா சாயங்காலக் குளியலில் இருந்தார். தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் நின்றது.  வாளியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். என் கவலையெல்லாம் வேறு. இரண்டு மாசம் மழையில் நனைந்து நான் செய்த ஆராய்ச்சியை ஒரே வரியில் அடித்துவிட்டானே என்று அண்ணன் மேல் அவ்வளவு கோபம். அன்றைக்கு அவனோடு பேசவே இல்லை.

அப்பா மலைக்குப் போனார். ஆம்பிளை இல்லாத வீடு, அவர் வருகிற வரைக்கும் இரு என்று அம்மா அண்ணனைப் பிடித்துவைத்தாள். ஐந்தாம் நாள் ராத்திரி அப்பா வந்து, கோயிலில் தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றினார். மறுநாள் காலையில் தாடி இல்லை, கறுப்பு வேட்டி இல்லை, பழைய கைலியில் பழைய அப்பா. அண்ணன் தலைக்குக் குளித்து, துணிகளை இஸ்திரி போட்டு மடித்துப் பையில் அடுக்கி, பையைக் கதவோரம் வைத்துவிட்டு ஒன்பது மணி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான்.

அப்பா என்னிடம் படலைத் திறந்துவிடச் சொன்னார்.  புல்லட் போன வேகத்தில் மண் தெறித்தது. ரோட்டு ஓரத்துக்கே போய்விட்டது.

“புல்லட்!”

பழைய குரலேதான். நாய் திரும்பியது. நாலு எட்டு வைத்தது. நின்றுவிட்டது. அது அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தது. தூரத்தில் லாரி ஒன்று வருகிற சத்தம் கேட்டது. நான் ஐயப்பா ஐயப்பா என்று முணுமுணுத்தேன்.

அப்பா மறுபடி கத்தவில்லை. அப்படியே வாசல் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடை மேல் மல்லாத்தி வைத்தார்.

“வா சாமி” என்றார். “இனிமே கை நீட்ட மாட்டேன். வா.”

இதை அவர் நாயைப் பார்த்துச் சொல்லவில்லை, குனிந்து தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. நாயைக் கூப்பிடும்போது அதன் கண்ணைப் பார்த்துக் கூப்பிட வேண்டும் என்று நோட்டில் எழுதியே வைத்திருந்தேன். குரலும் சரியில்லை, ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் புல்லட் வந்தது. முதலில் நடந்து, அப்புறம் ஓடி, கடைசியில் அவர் மடியிலேயே ஏறி முகத்தை நக்கியது. நான் குதித்தேன். தஞ்சாவூர் போச்சு, மீன் வண்டி போச்சு. எல்லாம் நான் பழக்கிய பழக்கம்.

பெருமையைச் சொல்ல வீட்டுக்குள் ஓடினேன். அண்ணன் கதவில் சாய்ந்துகொண்டு வெளியே பார்த்தபடி நின்றான். கண் சிவந்திருந்தது. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, அவன் அசையவில்லை. கொல்லையில் அம்மா அவனுடைய பையைத் திறந்து கவிழ்த்து, மடிப்புக் கலையாத சட்டை பேண்ட்டையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் துவைத்த துணிம்மா, இஸ்திரிகூடப் போட்டாச்சு என்று சொன்னேன்.  அம்மா கடைசிச் சட்டையும் நனைகிற வரைக்கும் முக்கினாள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.