நடக்காத பிள்ளைக்கு ஷூ

குழந்தைச் சாமான் கடையில் பதினெட்டு வருஷமாக நிற்கும் அவளுக்கு 'வேண்டாம் அக்கா' என்றே பெயர். நிறைமாத வயிறும் நீளப் பட்டியலுமாக வருகிறவர்களிடம், "பாட்டில் சூடாக்க மெஷினா? வெந்நீர்க் கிண்ணம் போதும். நடக்காத பிள்ளைக்கு ஷூ எதுக்கு? துணியும் டயப்பரும் வாங்குங்க" என்று பட்டியலைப் பாதியாக்கிவிடுவாள். முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனால் அவள் வாக்கை நம்பித்தான் கூட்டமே வந்தது.

போன மாதம் தம்பிக்குப் பெண் பிறந்தது. அக்கா வண்டி கொள்ளாத சாமான்களோடு போய் இறங்கினாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஜோடி குட்டி ஷூ.

"அண்ணி, நடக்காத பிள்ளைக்கு எதுக்குன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றாள் தம்பி மனைவி.

"அது கடைக்கு வர்றவங்களுக்கு. நான் இவளுக்கு அத்தை!" என்று சொல்லி ஷூவை மாட்டினாள். அது உடனே கழன்று விழுந்தது. மறுபடியும் மாட்டினாள்.